எழுப்பிய கோயில்களும் இடித்த லயன்களும்: கெடாவின் மரபுக் காப்பு குறித்து ஒரு திறனாய்வு

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் தென்சரிவில், மெர்போக் சிற்றூரை அடுத்து அமைந்துள்ளது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். தமிழ்ப்பள்ளி மாணவரைக் கல்விச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் செல்வது நம் ஆசிரியர்களிடையே நெடுநாள் வழக்கம். மாணவர்க்கு அங்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே செய்தியாகும்: இது கடாரம், இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த நாடு, தமிழர் அன்றே வந்து குடியேறிய மண். இம்மூன்றனுள் முதலிரண்டுக்கும் வலுவான சான்றுண்டு. மூன்றாவது கூற்று ஆய்வுக்குரியது. அச்செய்தியைக் கேட்டுத் திரும்பும் மாணவர், வழியெங்கும் கடந்துவரும் தோட்டங்களைப் பற்றி ஒன்றும் அறியாமலே வீடு சேர்கின்றனர். அத்தோட்டங்கள் அம்மாணவரின் பாட்டனும் பூட்டனும் காடழித்து உண்டாக்கியவை. முன்னோடிக் குடியேற்றத்தின் மரபு என்று கெடாவில் எது காக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1980இல் திறக்கப்பெற்ற இவ்வருங்காட்சியகத்தின் வளாகத்தில், மலாய் மொழியில் சண்டி எனப்படும் பழங்கோயில்கள் நான்கினைக் காணலாம். அவற்றுள் புக்கிட் பத்து பாகாட் கோயில் மட்டுமே தன் பழைய இடத்தில் உள்ளது. 1936-37இல் இப்பகுதியை அகழ்ந்தவர் குவாரிட்ச் வேல்ஸ். 1959-60இல் இக்கோயிலைப் பிரித்து முறைப்படி மீண்டும் எழுப்பியவர் அலஸ்டர் லாம்ப். கருவறைப் பகுதியும் அதன் முன் மண்டபமும் தூண்களைத் தாங்கிய கல்லடிகளும் எஞ்சியுள்ளன. மரத்தாலாகிய மேற்கட்டுமானம் அழிந்துபட்டது. ஏனைய மூன்றும், அதாவது பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகியவை, வேற்றிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பெற்றவை.

பழைய கட்டடங்களைப் பெயர்த்து ஓரிடத்தில் கூட்டி வைக்கும் இம்முறைக்கு நீண்ட மரபுண்டு. சுவீடனில் ஆர்த்தர் ஹசேலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கு முதற்சான்றாகக் கூறப்படும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் அவ்வழிப்பட்டதே. பெயர்க்காதிருந்தால் பல கட்டடங்கள் செங்கல் செங்கலாக மறைந்திருக்கும் என்பதை மறுக்கவியலாது. எனினும் இம்முறை ஒன்றைக் காத்து மற்றொன்றை இழக்கிறது. பெங்காலான் என்னும் மலாய்ச் சொல் படகுத்துறையைக் குறிக்கும். துறையோரத்து வணிகர் வழிபட்ட கோயில் இன்று மலைச்சரிவில் நிற்கிறது. அஃது அங்கு ஏன் கட்டப்பட்டது என்று மாணவன் கேட்டால் கல்லில் விடை கிடைக்காது. நான்கும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது, என்றும் இருந்திராத ஒரு கோயில் தொகுதியைப் பார்ப்பவர் மனத்தில் உருவாக்கிவிடுகிறது.

இனிக் குடியேற்றம் என்னும் கூற்றுக்கு வருவோம். இந்தியர் அலையலையாக வந்து இங்கே குடியேற்றங்கள் அமைத்தனர் என்ற கொள்கையைக் குவாரிட்ச் வேல்ஸ் முன்வைத்தார். அவர் எழுதிய காலம் பேரரசுகளின் காலம். நாகரிகத்தைப் பிறர்க்குக் கொண்டுசெல்வதே குடியேற்றம் என்ற எண்ணம் அன்றைய ஆங்கிலேய அறிஞர்க்கு இயல்பாயிருந்தது. பின்வந்த ஆய்வுகள் உள்ளூர் மக்களின் பங்கினையும் பருவக்காற்றுக்குக் காத்திருந்த பன்னாட்டு வணிகரின் பங்கினையும் முன்னிறுத்தின. பௌத்தச் சின்னங்களும் சைவச் சின்னங்களும் இங்கு அருகருகே கிடைக்கின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் சுங்கை பத்துவில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த இரும்புருக்கு உலைகள், இந்நிலத்தார் தம் கைத்தொழிலால் கடல்வணிகத்தில் இடம்பெற்றவர் என்பதைக் காட்டுகின்றன. அவ்வுலைகளின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. உறவு இருவழிப்பட்டது என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேடே சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியவன் கடாரத்து அரச மரபினனே. இவ்வளவும் இருக்க, நம் மேடைப்பேச்சுகள் குவாரிட்ச் வேல்ஸின் கொள்கையையே, அவர் பெயரை அறியாமலும், பற்றி நிற்பது வியப்புக்குரியது. ஆண்ட பரம்பரை என்ற பெருமிதத்தைத் தேடும்போது, நம்மை ஆண்டவரின் பார்வையைக் கடன்வாங்கி விடுகிறோம்.

அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் மற்றொரு பயணமும் தொடங்கியது. 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷாரின் செல்வாக்கின்கீழ் வந்தது. அதையொட்டி எழுந்த ரப்பர் விலையேற்றத்தில் கோலமூடா, கூலிம் வட்டாரக் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் திரட்டிய தொழிலாளர், ஆவடி, நாகப்பட்டின முகாம்களில் தங்கிக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1938இல் இந்திய அரசு இதற்குத் தடைவிதிக்கும் வரை இவ்வோட்டம் நீடித்தது. சோழர் படை வந்தது, வென்றது, திரும்பியது. இவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. குடியேற்றம் என்னும் சொல்லுக்கு உரியவர் இவர்களே. தோட்ட நிறுவனங்களின் வரலாறுகளிலோ முன்னோடி என்னும் சொல் துரைமாருக்கே வழங்கப்பெறுகிறது. மரம் நட்ட கைகள் அவற்றில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறும். ஹார்வர்ட், டப்ளின், ஸ்கார்பரோ, விக்டோரியா, ஹென்ரியட்டா என்று தோட்டங்களுக்கு இட்ட பெயர்களே யார் நினைக்கப்பட வேண்டியவர் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டன.

தோட்டத்தின் அமைப்பே ஓர் ஆவணம் என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை. மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். தாழ்வில் வரிசை வரிசையாக லயன்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடல், பால் நிறுக்கும் கொட்டகை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் ஆயாக்கொட்டகை, ஒற்றை அறைத் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், இவற்றோடு சற்றுத் தள்ளிக் கள்ளுக்கடை. ஒவ்வொன்றும் எங்கே, எதிலிருந்து எவ்வளவு தொலைவில், யாருடைய கண்பார்வைக்குள் அமைந்தது என்பதில் அதிகாரத்தின் இலக்கணம் எழுதப்பட்டுள்ளது. சண்டியைப் பெயர்த்தது போல ஒரு லயனைப் பெயர்த்து நகரத்துப் பூங்காவில் நிறுத்தினால் அவ்விலக்கணம் அழிந்துபோகும். பங்களா இல்லாத லயன் வெறும் பழைய வீடு.

உளி, மங்கு, காண்டாக்கம்பு, ஒட்டுப்பால் வாளி ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எளிது. பண்பாட்டு விழாக்களில் தலையில் துணி கட்டி மரம் சீவிக் காட்டுவதும் எளிது. வாழும் வரலாறு என்னும் காட்சிமுறையின் குறைபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. செயலை நடித்துக் காட்டலாம். ஆறாத கூலிக் கணக்கை நடித்துக் காட்டவியலாது. லயன்களிலும் சாதி வரிசை இருந்தது என்பதை எந்த நடிகர் காட்டுவார்? கள்ளுக்கடையைக் காட்சிப் பொருளாக்கினால் பார்வையாளர் நகைத்துக் கடந்துவிடுவர். பீடோங் வட்டாரத்தில் அது நகைப்புக்குரிய பொருளன்று. போருக்குப்பின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. 1947இன் தொடக்கத்தில் அவ்வட்டாரத் தொழிலாளர் காவல்துறையின் வன்முறைக்கும் சிறைக்கும் ஆளாயினர். கூலியைக் கள்ளாக மாற்றித் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டினைத் தொழிலாளரே அடையாளம் கண்டு எதிர்த்த நிகழ்ச்சி இது. கெடாவின் தமிழர் வரலாற்றில் 1025ஐ அறிந்த மாணவர் அளவுக்கு 1947ஐ அறிந்தவர் இலர். ஹார்வர்ட் பெயரில் பின்னாளில் எழுந்தது குழிப்பந்தாட்ட விடுதி.

பிறநாட்டுத் தமிழரும் இந்தியரும் இதில் என்ன செய்தனர் என்பதைச் சிறிது நோக்கலாம். மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாக அறிவிக்கப்பெற்றது. அங்கே காக்கப்படுவன கோபுரங்களல்ல. படிக்கட்டுகளும் தங்குகொட்டகைகளின் எச்சங்களுமே. இலங்கை மலையகத்தில், கம்பளையை அடுத்த தோட்டமொன்றில், பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியுள்ளனர். தேயிலையின் பெருமை பேசும் அருங்காட்சியகம் கண்டி அந்தானையில் முன்பே இருந்தது. தேயிலை பறித்தவரைப் பேச வேறோர் இடம் வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. கெடாவில் நெல்லுக்கு அலோர் ஸ்டாரில் பெரியதோர் அருங்காட்சியகம் உண்டு. நெல் மலாய் உழவரின் மரபு; அதனைப் போற்றுதல் முறையே. ரப்பரை வெட்டியவர்க்கு அத்தகைய இடம் இம்மாநிலத்தில் ஏற்படவில்லை.

இதற்குக் காரணம் அரசு மட்டுமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயனை விட்டு வெளியேறியவர்க்கு அதனைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. அவமானமும் வறுமையும் கண்ட இடத்தை எவர் காக்க விரும்புவர்? அதனால் எஞ்சியது கோயில் ஒன்றே. மக்கள் சிதறிப்போன தோட்டங்களிலும் ஆண்டுத் திருவிழாவின்போது சுங்கை பட்டாணியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் குடும்பங்கள் திரும்பி வந்து, லயன் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கைகாட்டுகின்றன. நடிகரின்றி நிகழும் வாழும் வரலாறு இதுவே எனலாம்.

மற்றொரு காப்பிடம் இலக்கியம். கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவல் தோட்டத்து மக்களின் பேச்சுமொழியையே தன் உடலாகக் கொண்டது. பெரட்டு, தண்டல், நிரை போன்ற சொற்கள் வழக்கொழியும் காலத்தில் அவற்றை அவற்றின் வாழ்க்கையோடு சேர்த்து வைத்திருப்பன இத்தகைய படைப்புகளே. ஆயினும் அவற்றைக் கற்பிக்கும்போது சொற்பொருள் விளக்கத்தோடு நின்றுவிடுகிறோம்.

2013ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண்ணுள்ள சண்டி வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தது. நிலம் தனியார்வசமிருந்தது, இடம் அரசிதழில் பதிவு பெற்றிருக்கவில்லை. 2005இல் இயற்றப்பெற்ற தேசிய மரபுச் சட்டம் ஏட்டிலிருந்தும் பயனில்லாது போயிற்று. தமிழர் அமைப்புகள் பலவும் கொதித்தெழுந்தன, எழுந்தது முறையே. அவ்வாண்டிலும் அதற்கு முன்பின் ஆண்டுகளிலும் அதே வட்டாரத்தில் லயன்கள் இடிபட்டபோது அவ்வாறு எழுந்த குரல்கள் குறைவு. இரண்டும் ஒரே வகை நிலத்தில், ஒரே வகை விற்பனையால் நேர்ந்த இழப்புகள். இரும்புலைகள் கிடைத்ததும் செம்பனை மரங்களுக்கு அடியில்தான். பண்டைய கடாரமும் நேற்றைய தோட்டமும் ஒரே மண்ணின் இரண்டு அடுக்குகள். மேலடுக்கைத் தள்ளிவிட்டுக் கீழடுக்கை மட்டும் போற்றுவது தொல்லியல் நெறிக்கும் ஒவ்வாது.

பூங்கா அமைக்க நிலமும் பணமும் வேண்டும். அவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கெடாவின் தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டத்தை விட்டு நகரத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் தோட்டப் பெயரைச் சுமந்தே நிற்கின்றன. அவற்றின் அலமாரிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எஞ்சியிருப்பின் அவற்றை முதலில் படியெடுக்க வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த முதியோரை அமரவைத்து, பெரட்டுத் திடல் எங்கே, கிணறு எங்கே, எந்த லயனில் யார், கள்ளுக்கடைக்கு வழி எது என்று கேட்டு மாணவரைக் கொண்டு வரைபடம் எழுதச் செய்யலாம். மெர்போக் செல்லும் பேருந்து அவ்வரைபடத்தோடு வழியில் ஒரு தோட்டத்தில் அரைமணி நேரம் நிற்கலாம்.