மூலமும் உரையும்: வினவல் மரம் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நூலைத் திறனாய்வு செய்யப் புகுவோர் அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்ற வினாவை முதலில் எழுப்புதல் மரபு. தரவுத்தளங்களுடன் பேசுவதற்கென ஆக்கப்பட்ட எஸ்.கியூ.எல். மொழியைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு அதனை ஆக்கியோரே விடை கூறியுள்ளனர். எட்கார் கொட் என்பார் 1970 இல் வெளியிட்ட கட்டுரை, தரவுகளை அட்டவணைகளாகக் கண்டு அவற்றைக் கணிதத் தொடர்புகளாகக் கையாளும் கொள்கையை நிறுவியது. அக்கொள்கைக்கு ஏற்ற மொழியொன்றினை 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் முன்வைத்தனர். அவர்கள் அதற்கு இட்ட முதற்பெயர் 'கட்டமைந்த ஆங்கில வினவல் மொழி' எனப் பொருள்படுவது. கணிதக் குறியீடுகளிற் பயிற்சியில்லாதோரும் தமக்கு வேண்டியதை ஏறத்தாழ வழக்குமொழியிலே கேட்கக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கு.

எழுதுவோர் மனிதர், எழுத்தும் மனித மொழியை ஒத்தது. ஆனால் அதனை வாசிப்பது இயந்திரம். அவ்வாசகன் வாக்கியத்தை எவ்வாறு உள்வாங்குகிறான், எதனை வைத்துக்கொள்கிறான், எதனை எறிந்துவிடுகிறான் என்பனவே இக்கட்டுரையின் பொருள். இது விஞ்ஞான பீடத்தாருக்குரிய விடயமன்றோ என்று சிலர் வினவலாம். வாக்கியமொன்று பொருளாக மாறும் இடம் எதுவாயினும் அது மொழி பயில்வோருக்கும் உரியதே. மூலநிரல் முழுவதும் எவரும் வாசிக்கத் திறந்து வைக்கப்பட்டிருத்தலால் போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தள அமைப்பினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மாணவர் என்றோர் அட்டவணை. அதில் சுட்டெண், பெயர், புள்ளி, வயது என நான்கு நிரல்கள். "செலெக்ட் பெயர் ஃப்ரொம் மாணவர் வெயார் புள்ளி > 60 ஓடர் பை வயது" என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அறுபதுக்கு மேற் புள்ளி பெற்ற மாணவரின் பெயர்களை வயது வரிசையில் தருக என்பது இதன் பொருள். (ஏவற் சொற்கள் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும், அட்டவணைகளுக்கும் நிரல்களுக்கும் தமிழ்ப் பெயரிடுவதற்குத் தடையில்லை.)

இவ்வாக்கியம் இருமுறை வாசிக்கப்படுகிறது. முதல் வாசிப்பு முற்றிலும் இலக்கணம் பற்றியது. மாணவர் என்றோர் அட்டவணை உண்டா, புள்ளி என்பது எண்ணா எழுத்தா என்பன பற்றி அது கவலைப்படுவதில்லை. சொற்கள் சொற்களாகவே இருக்க, எது எதனோடு இயைகின்றது என்பதை மட்டும் காட்டும் கிளைத்த மரமொன்று ஆக்கப்படும். இரண்டாம் வாசிப்பே பொருள் காண்பது. இவ்வாறு இரண்டாகப் பிரித்தமைக்குக் காரணம் உண்டு. பொருள் காண்பதற்கு அமைப்பின் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தல் ஒரு பரிமாற்றத்துக்கு உள்ளேதான் இயலும். பரிமாற்றமொன்று பழுதுபட்டுக் கிடக்கும் வேளையில் "கைவிடு" என்ற கட்டளை வருமாயின், பட்டியலைப் பாராமலே அதனை இனங்காண வேண்டுமன்றோ? அதற்கு முதல் வாசிப்புப் போதும்.

இரண்டாம் வாசிப்பின் முடிவில் தோன்றுவதே வினவல் மரம். இங்கு சொற்கள் பெரும்பாலும் தம் உருவை இழக்கின்றன. மாணவர் என்பது தொடர்பட்டியலின் முதலாம் பதிவாகிறது. புள்ளி என்பது பெயராக அன்றி (1, 3) என்ற எண் இணையாக, அதாவது முதலாம் பதிவின் மூன்றாம் நிரலாக, நிற்கிறது. '>' என்ற குறி, இரு முழுவெண்களை ஒப்பிடும் செயலி எனத் துணியப்பட்டு 521 என்னும் எண்ணைப் பெறுகிறது. 60 என்பது முழுவெண் வகையின் அடையாள எண்ணாகிய 23 ஐத் தாங்கிய மாறிலிக் கணுவாகிறது. வயது பற்றிய செய்தி சுவையானது. அது கேட்கப்பட்ட நிரல்களுள் ஒன்றன்று. எனினும் வரிசைப்படுத்த வேண்டப்படுகிறது. ஆதலின் இலக்குப் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டு, "கழிவு" என்ற முத்திரையும் குத்தப்படுகிறது. பயன்பட்டபின் வாசலிலே நிறுத்தப்படும் விருந்தாளி அது.

வாக்கியம் செலெக்ட் என்று தொடங்கினும் இயந்திரம் அதனை அவ்வொழுங்கிற் பொருள்கொள்வதில்லை என்பது மனங்கொளத்தக்கது. ஃப்ரொம் என்ற பகுதியை முதலில் எடுத்து, எந்த அட்டவணை என்பதைத் துணிந்த பின்னரே செலெக்ட் பகுதிக்கு மீள்கிறது, வெயார் அதன்பின். சொற்கள் நின்ற நிலையிற் பொருள் தராதபோது வேண்டியவாறு எடுத்து இணைப்பதைக் கொண்டுகூட்டு என நன்னூலார் பொருள்கோள்களுள் ஒன்றாக வகுத்ததை நாம் அறிவோம். செய்யுளில் யாப்பு வேண்டியமையால் நேரும் அம்முறைமாற்றம், இங்கு ஆங்கில வாக்கியத்தின் சாயல் வேண்டியமையால் நேர்ந்துள்ளது. ஆங்கிலத்தை ஒத்திருத்தல் என்ற அணியை ஏற்றதன் விலை இது.

அவ்வணி உள்ளே எவ்வளவு ஆழம் செல்கிறது என்று நோக்கின், அதிகம் செல்லவில்லை என்றே கூறவேண்டும். மரத்தின் உறுப்புகளுக்கு இடப்பட்ட பெயர்களே இதற்குச் சான்று. "தொடர்பட்டியல்" என நாம் குறித்தது ஆங்கிலத்தில் 'றேஞ்ச்' என்ற சொல்லால் வழங்கப்படுகிறது. நிரல்களின் பட்டியலோ 'ராகெட்' என்ற சொல்லால். இவ்விரண்டும் எஸ்.கியூ.எல். வாக்கியங்களில் இப்பொருளில் வரும் சொற்களல்ல. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1970 களில் உருவான இங்கிறெஸ் அமைப்பின் வினவல் மொழியாகிய கியூவெல் வழிவந்த சொற்கள் அவை. 1986 இல் மைக்கேல் ஸ்டோன்பிறேக்கரின் தலைமையில் அங்கே போஸ்ட்கிறெஸ் தொடங்கியபோது அது பேசியதும் கியூவெல்லின் வழித்தோன்றலையே. 1994 இல்தான் அன்ட்றூ யூ, ஜொலி சென் என்ற இரு மாணவர்கள் எஸ்.கியூ.எல். வாசிப்பானை அதிற் பொருத்தினர். ஒரு சமூகம் புதுமொழியை ஏற்ற பின்னரும் பழைய மொழியின் சொற்கள் அடிநிலையாக எஞ்சுவதை மொழியியலார் எடுத்துக்காட்டுவர். இங்கு நாம் காண்பதும் அத்தகைய அடிநிலையே. தொடக்கத்தில் அமைப்பின் ஒரு பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் சி மொழிக்கு மாற்றப்பட்டது. மரத்தை அச்சிடச் சொன்னால் அடைப்புக்குள் அடைப்பாக விரியும் உருவிலும், பட்டியல்களைக் கையாளும் செயல்களின் பெயர்களிலும் அந்த லிஸ்பின் சாயல் இன்றும் உண்டு. பட்டியல்களின் உள்ளமைப்பு 2020 இல் வெளிவந்த பதின்மூன்றாம் பதிப்பில் மாற்றப்பட்டது, பெயர்கள் மாறவில்லை.

இம்மரத்தில் எமது மதிப்பை மிகக் கவர்ந்த கூறு, சிறிய எண் ஒன்று. ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவல் அமையலாம். உள் வினவல் வெளி வினவலின் நிரலைச் சுட்டவும் கூடும். "தன் வகுப்பின் சராசரியிலும் கூடிய புள்ளி பெற்ற மாணவர்" என்று கேட்கும்போது 'தன்' என்பது யாரைச் சுட்டுகிறது? சராசரி காண்பது உள் வினவல். 'தன்' என்பதோ வெளியே நிற்கும் மாணவனைச் சுட்டுவது. வழக்குமொழியில் இத்தகைய சுட்டுப்பெயர்கள் உரையாசிரியரிடையே பெரும் வழக்குகளை எழுப்பியுள்ளன. வினவல் மரத்தில் ஒவ்வொரு நிரற்சுட்டும் தன்னிலிருந்து எத்தனை படி வெளியே சென்று பொருள்கொள்ள வேண்டும் என்ற எண்ணைத் தாங்கியிருக்கும். தன் படியாயின் சுழியம், அடுத்த வெளிப்படியாயின் ஒன்று. ஐயத்துக்கு இடமேயில்லை. இத்துணைச் சிக்கனமான தீர்வை இலக்கணநூல்களிற் காண்பதரிது.

இனிக் குறைக்கு வருவோம். ஒரு வினவலுக்குப் பெயரிட்டு, அதனை அட்டவணைபோல நிலையாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. காட்சி என்று அதனை அழைக்கலாம். போஸ்ட்கிறெஸ் காட்சியொன்றைச் சேமிக்கும்போது எழுதியவரின் வாக்கியத்தைச் சேமிப்பதில்லை. வினவல் மரத்தையே சேமிக்கிறது. பின்னர் ஒருவர் அக்காட்சியின் வாக்கியத்தைக் காட்டு எனக் கேட்டால், மரத்திலிருந்து புதியதொரு வாக்கியம் ஆக்கித் தரப்படும். நமது மரபில் உரையாசிரியர் மூலத்தைத் தந்து அதன்கீழ் உரை எழுதுவர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்புநோக்கி மூலத்தைக் காக்க உழைத்தமையும் நாம் அறிந்ததே. இங்கோ உரை காக்கப்படுகிறது; மூலம் கைவிடப்படுகிறது; பின்பு மூலம் வேண்டின் உரையிலிருந்து மீளப் புனையப்படுகிறது.

புனைந்த மூலம் எப்படியிருக்கும்? "புள்ளி பிட்வீன் 40 அன்ட் 60" என எழுதியவருக்கு, புள்ளி நாற்பதிற் குறையாதது, மேலும் அறுபதின் மிகாதது என இரு நிபந்தனைகளாகத் திரும்பக் கிடைக்கும். 'லைக்' என்ற சொல் இரு நெளிகோடுகளாக மாறிவிடும். 'இன்' என்று தொடுத்த மதிப்புகளின் வரிசை, ஓர் அணியின் ஏதேனும் ஓர் உறுப்புக்குச் சமம் என்று வரும். தருக்கத்தில் இவை ஒன்றே, பேச்சில் ஒன்றல்ல. நாற்பது முதல் அறுபது வரை என்று ஒரு வீச்சாகச் சிந்தித்தவன் இரு எல்லைகளாகச் சிந்தித்தவனல்லன். எல்லா நிரல்களையும் தருக எனப் பொருள்படும் உடுக்குறி, சேமிக்கும் கணத்தில் இருந்த நிரல்களின் பெயர்களாக விரிக்கப்பட்டுவிடும். நாளை அட்டவணையிற் புதிய நிரல் சேர்ந்தால் அது காட்சியில் வராது. 'எல்லாம்' என்ற சொல் 'இன்றுள்ள இந்த நான்கும்' எனச் சுருங்குகிறது. எழுதியவர் இடையிடையே இட்ட விளக்கக் குறிப்புகளோ சொற்பிரிப்பு நிலையிலேயே உதிர்ந்துவிடுகின்றன. முதல் மரத்துக்கே அவை வந்து சேர்வதில்லை.

இதனைக் குறையென்று மட்டும் கூறின் அது நேர்மையான திறனாய்வாகாது. பெயர்களை விடுத்து எண்களைக் கொண்டமையால், மாணவர் என்ற அட்டவணையை ஒருவர் பட்டதாரிகள் எனப் பெயர் மாற்றினாலும் அதன்மேல் எழுந்த காட்சி குலைவதில்லை. அடுத்தமுறை வாக்கியத்தைக் கேட்கும்போது புதிய பெயருடனேயே வரும். ஒரு காட்சி சார்ந்திருக்கும் அட்டவணையை வாளாவே அழிக்க முற்பட்டால் அமைப்பு மறுத்துவிடும். எது எதனைச் சார்ந்தது என்பது அதற்குத் தெரியும். செயற்கூறுகளின் உடலை நெடுங்காலம் வெறும் எழுத்துச் சரமாகவே இவ்வமைப்புச் சேமித்து வந்தது. அங்கே பெயர் மாற்றம் நிகழ்ந்தால், அச்செயற்கூறு அழைக்கப்படும் வேளையிலேதான் பிழை வெளிப்படும். 2021 இன் பதினான்காம் பதிப்பு, எஸ்.கியூ.எல். செயற்கூறுகளின் உடலையும் பகுத்த மரமாகச் சேமிக்க வழிசெய்தது.

மூலத்தைக் காப்பதும் பொருளைக் காப்பதும் ஒன்றையொன்று விலக்குவனவா? எஸ்.கியூ.லைற் என்னும் சிறிய அமைப்பு வேறு வழி சென்றுள்ளது. அது காட்சியின் வாக்கியத்தை ஏறத்தாழ எழுதியவாறே, உட்குறிப்புகளுடன் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மீள வாசிக்கிறது. 2018 முதல், அட்டவணையின் பெயரை மாற்றினால் காட்சி வாக்கியங்களில் அப்பெயர் வரும் இடங்களைத் தேடித் திருத்தவும் செய்கிறது. பதிப்பாசிரியரின் பணி இது. போஸ்ட்கிறெஸ் இரண்டையும் அருகருகே வைத்திருக்கலாமே என்ற எண்ணம் எழுகிறது. அவ்வாறாயின் பெயர் மாறியபின் மூலமும் உரையும் முரண்படும். எது அதிகாரமுடையது என்ற வழக்குத் தோன்றும். அவ்வழக்கைத் தவிர்ப்பதே அதன் தேர்வின் உட்கிடை எனக் கொள்ளலாம். ஆயினும் அதன் விலையை அமைப்பு தருவதில்லை, எழுதியவரே தருகிறார்.

எழுத்தின் சுவடு மரத்தில் முற்றாக இல்லையென்றும் சொல்லமுடியாது. பல கணுக்கள் தாம் மூல வாக்கியத்தில் எவ்விடத்தில் தோன்றின என்ற எண்ணை ஏந்தியுள்ளன. பிழை நேர்ந்தால் எழுதியவருக்கு இடஞ்சுட்டுவதற்காகவே அது. மரம் சேமிப்புக்குச் சென்றபின் சுட்டுவதற்கு வாக்கியம் இல்லை. அவ்வெண் எழுத்துகளை அன்றிப் பைற்றுகளை எண்ணுவது, யூ.ரி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்றுகள். திரையிற் காட்டுமுன் அது குறிகளின் எண்ணிக்கையாக மாற்றப்படுவதால் தமிழில் எழுதுவோருக்குத் தீங்கில்லை. பெயர்களின் நீளத்திலோ தீங்கு உண்டு. வழமையான அமைப்பில் ஒரு பெயர் 63 பைற்றுகளுக்கு மேற் செல்லலாகாது. ஆங்கிலத்துக்கு 63 எழுத்துகள், தமிழுக்கு 21 குறிகள் மட்டுமே. 'பல்கலைக்கழகத்தமிழ்ச்சங்கம்' என்று ஓர் அட்டவணைக்குப் பெயரிட்டால் அது 'பல்கலைக்கழகத்தமிழ்ச்ச' என்று வெட்டப்பட்டே உட்புகும். அறிவித்தல் ஒன்று வரும் என்பது மட்டுமே ஆறுதல்.

காட்சிக்கு வெளியேயிருந்து குறிப்பொன்றைக் கட்டிவைக்கத் தனிக் கட்டளை உண்டு என்று சிலர் விடையிறுப்பர். உண்மையே. காட்சிக்கும் அதன் ஒவ்வொரு நிரலுக்கும் அவ்வாறு குறிப்பு எழுதலாம். எனினும் அது நூலின் முகவுரை போன்றது. வெயார் பகுதியில் உள்ள அறுபதின் பக்கத்தில், ஐம்பதன்றி அறுபது கொள்ளப்பட்டது இன்ன குழுவின் தீர்மானத்தால் என்று ஒருவர் எழுதிய வரி முகவுரையில் அமையாது. மாறிலிக் கணுவில் வகை, நீளம், மதிப்பு, மதிப்பு வெற்றா என்பது, தோன்றிய இடம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு; காரணத்துக்கு இடமில்லை. ஆதலால் இவ்வமைப்பைக் கையாளும் அலுவலகங்கள் தம் காட்சிகளின் மூல வாக்கியங்களைத் தனிக் கோப்புகளாகப் பேணவேண்டியுள்ளது. அக்கோப்பு தொலைந்த இடத்தில், தரவுத்தளம் திருப்பித் தரும் வாக்கியத்தில் அறுபது மட்டும் இருக்கும்.