தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதுமா?

இன்வெர்ட்டர் பேட்டரியை நம் வீட்டுப் பொருளாக்கியது 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு. அதற்குச் சற்று முன், 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டம் ஐந்து விளக்குகளோடு சோலாரைக் கிராமத்துக் கூரைக்குக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் நாம் படித்த பராமரிப்புப் பாடம் ஒன்றுதான்: தண்ணீர் குறைந்தால் ஊற்று. அனுமந்தன்பட்டிப் பக்கம், கரண்ட் கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கு இன்று சோலார் வைப்பவருக்கும் அதே பாடம்தான் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

பழக்கத்தில் தப்பில்லை. சார்ஜ் நிறையும் நேரத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறுவது தண்ணீர்தான். அமிலம் உள்ளேயே தங்குகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டால் தகடுகள் வெளியே தெரிந்து காய்ந்து கெடும். செலவு சொற்பம், யாரும் செய்யலாம். போர்த் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆனால் மூடியில் நிற்கும் மிதவை காட்டுவது தண்ணீர் மட்டத்தை, சார்ஜை அல்ல. ஊருக்குள் இருக்கும் இன்வெர்ட்டரை லைன் கரண்ட் மறுபடி நிரப்பிவிடும். தோட்டத்து பேட்டரிக்கு வெயில்தான் கதி. பருவமழை மூட்டத்தில் நாள்கணக்கில் அரைச் சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுதாகக் கரையாது. இதை முன்கூட்டிச் சொல்வது, அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். டியூபுலர் வகை ஈய பேட்டரி நன்றாக நிறைந்தபின் ஆறு செல்லும் ஏறக்குறைய 1240 காட்ட வேண்டும். ஆறுமே குறைந்தால் சோலார் பலகை போதவில்லை, அல்லது லோடு அதிகம். சமன்படுத்தும் சார்ஜ் கொடுத்துப் பார்க்கலாம். ஐந்து 1240-ல் நிற்க, ஒன்று மட்டும் 1150 என்றால் அந்தச் செல் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிய கையோடு அளந்தால் மட்டும் கணக்கு தப்பும். சார்ஜ் ஏறிக் கலந்தபிறகே அளக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் எண் குறைந்ததும் அமிலம் ஊற்றித் தரும் வைத்தியம்தான் பெரிய கேடு. அமிலம் எங்கும் போகவில்லை, சல்பேட்டாகத் தகட்டில் ஒட்டியிருக்கிறது. மேலும் ஊற்றினால் எண் ஏறும், தகடு அரித்துப்போகும். செத்த பேட்டரிக்குப் பக்கத்தில் புதியதைக் கோப்பதும் இதே ரகம். பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறுகிறார்கள். தண்ணீர் வேலை இல்லை, அரைச் சார்ஜும் அதைக் கெடுக்காது. விலை கூடுதல், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை பழுதானால் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்வது கடினம். ஈய பேட்டரியைப் பழசாக விற்றாலும் ஒரு விலையாவது கிடைக்கும். பம்புசெட்டுக்கோ பேட்டரியே வேண்டாம். பகலில் ஓடித் தொட்டியை நிரப்பினால் போதும்.

ஆக, தோட்டத்து வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் டியூபுலரே போதும் என்பது என் தீர்ப்பு, அளந்து பார்க்கிறவருக்கு மட்டும். சோலார் வைத்துத் தருபவர் ஒரு ஹைட்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, அளக்கவும் சொல்லித் தரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.