கண்ணாடி முகப்புகள்

வெயில், மழை, காற்று, தெரு ஆகியவற்றுடன் ஒரு கட்டடம் கொள்ளும் உறவு அதன் முகப்பிலேயே வெளிப்படுகின்றது. இவ்வகையில் நோக்குமிடத்து, கொழும்பில் அண்மைக்காலத்தில் எழுந்துள்ள ஆடம்பரத் தொடர்மாடிகள் பலவற்றின் முகப்புகள் தோல்வியுற்றவை என்றே கூறவேண்டியுள்ளது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் அமைந்தது. இங்கு வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு நிழல்தரச் சிறியதொரு வெளிநீட்டம் போதும். சரிந்து விழும் மாலைவெயிலை எதிர்கொள்ளும் மேற்குச் சுவருக்கோ அது போதாது. ஆயினும், கடற்காட்சியே விலைப்பொருளாகிவிட்டமையால், அம்மேற்குப் புறமே நிழலேதுமின்றிக் கண்ணாடியால் மூடப்படுகின்றது. உட்புகும் வெப்பத்தை வளிச்சீராக்கிகள் ஓயாது வெளியேற்றுகின்றன. அதனைத் தாங்குவோர் தெருவில் நடப்போரே.

வேறு வழி இல்லையோ எனின், உண்டு. 1970களின் பிற்பகுதியில் ஜெப்ரி பாவா கொழும்பில் வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டடமும் மாடிக் கட்டடமே. ஆயினும் காற்றின் திசையறிந்து அது அமைக்கப்பட்டது. மழையைத் தடுத்துக் காற்றை உள்வாங்கும் வாயில்களை அதன் முகப்பே கொண்டிருந்தது. அங்கு அழகும் பயனும் வேறுவேறாக நிற்கவில்லை. அந்த மரபை நாம் வளர்த்தெடுக்கத் தவறியமை வருந்தற்குரியது.

இது வெறும் இரசனை பற்றிய வினாவன்று. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டதை நாம் மறந்துவிடலாகாது. மின்சாரம் நின்றதும் மூச்சுமுட்டும் ஓரிடத்தை, அதன் விலை எத்துணை உயர்ந்ததாயினும், வீடு எனல் பொருந்துமோ?