கல்பாக்கத்துக்குப் போகும் சாம்பிள்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரிலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனால் கல்பாக்கம். அங்கே கோகிலமேட்டில், பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரையும் அணுசக்தித் துறையின் பெயரையும் தாங்கிய யூஜிசி–டிஏஇ அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்பின் கிளை இருக்கிறது. அணுசக்தித் துறையின் பெருங்கருவிகளைப் பல்கலைக்கழகத்தாருக்குத் திறந்துவிடுவதுதான் இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பின் வேலை. டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான் ஆய்வு, இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் இரண்டுக்கும் இதன் வழியாக வாய்ப்புண்டு. எந்தக் கல்லூரியும் சொந்தமாக வாங்கிவிட முடியாத வசதிகள் இவை.

இதைவிடப் பெரிய பயனாக நான் கருதுவது வேறொன்று. இந்தக் கூட்டமைப்பின் கூட்டாய்வுத் திட்டத்தில் பேராசிரியரோடு ஆய்வகத்து விஞ்ஞானி ஒருவரும் பொறுப்பேற்கிறார். உதாரணமாக, நானோ துகளின் அளவை எக்ஸ்-கதிர் வரைபடத்தின் உச்சி எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதைக் கொண்டு மாணவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த அகலத்தில் கருவியின் பங்கும் படிகத்துக்குள் இருக்கும் திரிபின் பங்கும் கலந்திருக்கும். அவற்றைக் கழிக்காமல் விட்டால் துகள் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். கட்டணம் கட்டி சாம்பிள் அனுப்பினால் வரைபடம் மட்டும் வரும். இந்தத் தவறைச் சுட்டிக்காட்ட, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒருவர் வேண்டும்.

ஆனால் ஆய்வின் கேள்வி எங்கிருந்து வருகிறது? துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்று எளிதில் தயாராகும் பொருள்களையே மாணவர்கள் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். கட்டுரை வெளியாகிறது, பட்டமும் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ செயின்ட் கோபைன் ஆலை, சில நானோமீட்டர் தடிமனுள்ள உலோகப் படலங்களைக் கண்ணாடியில் பூசுகிறது. ஒரகடம் பக்கத்து உதிரிபாகப் பட்டறைகளில் வெட்டுமுனைகளின் மேல்பூச்சு தேய்கிறது. அந்தத் தேய்மானமும் நானோ ஆய்வுக்கு உரிய கேள்விதான். அதைக் கொண்டுவருபவருக்கு இந்த இருதரப்பு ஏற்பாட்டில் நாற்காலி இல்லை.

சென்னையில் நிலைமை மாறும் ஓர் இடமுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்ப வகுப்புகள் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவன வளாகத்திலேயே நடக்கின்றன. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் ஆலைகளின் குரோமியச் சிக்கல் அங்கே பாடமாகவும் ஆய்வாகவும் நுழைகிறது.

அடிப்படை அறிவியல் ஆலைக்குக் கணக்கு சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. துருவாவில் காந்தப் பொருள்களை ஆராய்பவரை அவர் போக்கில் விட வேண்டும். நான் கேட்பது கோகிலமேட்டுத் திட்டங்களில் சிலவற்றையாவது ஒரகடம் போன்ற இடங்களின் பட்டறைக் கேள்விகளுக்கு ஒதுக்குவதை. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பட்டறைப் பொறியாளர் ஒருவரும் இருக்க வேண்டும்.