சுருக்குப் பாவாடை

பாவாடைக்குக் கட்டிங் கிடையாது. இடுப்பு, உயரம் என்று இரண்டே அளவுதான். தாள் விரித்து வரைகிற வேலை இல்லாததால், தையல் பழகுகிறவர்களின் முதல் பாடம் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ தையற்கலையில் அதைவிட அழகான வேலை வேறில்லை.

கரை வைத்த துணியில்தான் அந்த அழகு முழுதாகத் தெரியும். வீரவநல்லூரில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெய்கிற பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 48 அங்குலம். எட்டு வயதுப் பிள்ளைக்கு உயரம் 30. டக் பிடிக்க 4, மேலே பட்டிக்குள் போக 1, ஆக 35. சேலையின் நீளவாக்கில் வேண்டிய அளவு எடுத்தால் அதுவே பாவாடையின் சுற்றாகிவிடும். கீழ்க்கரையே விளிம்பாக நிற்கும், ஓரம் அடிக்க வேண்டியதில்லை. மிஞ்சுகிற 13 அங்குலத்தில் மறு கரையும் இருக்கிறதே, அது சட்டைக் கைக்கு ஆயிற்று. சேலையில் ஒரு விரற்கடை வீண் போகாது. பருத்தி என்றால் கத்தரிகூட வேண்டாம். ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் நூல் பிடித்து நேராக வரும்.

இடுப்பு 24 என்றால் சுற்று 72 இருக்க வேண்டும். துணி மெல்லிசாக இருந்தால் 96 வரை போகலாம். இதில் கஞ்சத்தனம் பிடித்தால் பாவாடை சாக்காகத் தொங்கும்.

அப்புறம்தான் சுருக்கு. வண்ணார்பேட்டையில் ஒரு தையல்கார அக்கா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேல் ஓரத்தில் கால் அங்குலம் தள்ளித் தள்ளி இரண்டு வரிசை பெருந்தையல் ஓட்டுவார். ஒற்றை வரிசை போட்டால் சுருக்கு முறுக்கிக்கொள்ளும். இரண்டு இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். துணியையும் பட்டியையும் நாலாக மடித்து அடையாளம் வைத்து, புள்ளிக்குப் புள்ளி சேர்த்துக் குண்டூசி குத்துவார். அடிநூல்கள் இரண்டையும் பிடித்து மெல்ல இழுப்பார். துணி அலையலையாய்க் குவியும். குவிந்ததை ஊசி முனையால் நகர்த்தி நகர்த்திச் சமன் செய்வார். மிஷினில் ஏற்றும்போது சுருக்குப் பக்கம் மேலே இருக்கும், எந்த மடிப்பு சாய்ந்தாலும் கண்ணில் படட்டும் என்று. ‘நேரா நில்லுட்டி, குனியாத’ என்று பிள்ளைக்கு உடுத்திப் பார்த்த பிறகுதான் டக் எவ்வளவு என்று முடிவு செய்வார்.

ஜரிகை கனத்த பட்டுக்கு நூல் இழுத்த சுருக்கு ஒத்துவராது. இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் ஆகிவிடும். அதற்குக் கையால் மடிப்பு எடுத்து அடுக்குவதே சரி. இப்போது பட்டுத் துணியையும் அம்ப்ரெல்லா கட்டில் வெட்டச் சொல்கிறார்கள். வட்டத்துக்கு வளைத்து வெட்டினால் கரை என்னாவது? நெசவாளர் நேர்கோடாக இறக்கிய கரையை வெட்டி எறிந்துவிட்டு, வேறெங்கோ வாங்கிய கரையை வளைத்து ஒட்டுகிறார்கள். அந்தக் கத்தரிக்குத் துணி என்றால் என்னவென்றே தெரியவில்லை.

நீள்சதுரமாகவே விட்ட பாவாடை பிள்ளையோடு சேர்ந்து வளரும். 2 அங்குல டக் உள்ளே 4 அங்குலத் துணியை வைத்திருக்கிறது. பிள்ளை வளர வளர அதைப் பிரித்துவிட்டால் ஒன்றிரண்டு வருஷம் தாங்கும். பிரித்த இடத்தில் வெயில் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். அதை மறைக்க யாரும் மெனக்கெடுவதில்லை, நானும் வேண்டாம் என்றே சொல்வேன். பட்டில் மட்டும் டக்கைக் கரைக்கு மேலே, உள்பக்கமாக, கைத்தையலில் போடச் சொல்லுங்கள். மிஷின் தையலைப் பிரித்தால் ஊசித்துளை வரிசையாக நிற்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது போகாது.