எண்ணிக்கையும் எடையும்

ஓர் அறிஞரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணில் அடக்கிவிட முடியுமா? முடியும் என்று 2005ஆம் ஆண்டில் வாதிட்டார் ஹோர்கே ஹிர்ஷ். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் அவர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்த அவரது கட்டுரை நான்கே பக்கங்கள் கொண்டது. ஆயினும் ஆய்வாளர்களின் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அது பெற்றுவிட்ட செல்வாக்கு பெரிது. ஆகவே அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

ஹிர்ஷ் வகுத்த ‘எச்’ சுட்டெண்ணைப் புரிந்துகொள்வது எளிது. ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை பிற ஆய்வுகளில் மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருக்கின்றன; 21 கட்டுரைகள் 21 முறை என்று சொல்ல இயலவில்லை. எனில் அவருடைய சுட்டெண் 20 ஆகும். கட்டுரைகளை மட்டும் எண்ணினால், எழுதிக் குவிப்பவரே முந்துவார். மேற்கோள்களின் கூட்டுத்தொகையை மட்டும் கொண்டால், பலரோடு சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற ஒரே கட்டுரை ஒருவரைச் சிகரத்தில் ஏற்றிவிடும். இவ்விரு குறைகளையும் இச்சுட்டெண் ஓரளவு தவிர்க்கிறது. இது பாராட்டுக்குரியதே.

ஆனால் துறைகளுக்கிடையே ஒப்பிட முற்படும்போது இத்தராசு தடுமாறுகிறது. இயற்பியலில் மிக உயர்ந்த எண்ணாக எட்வர்ட் விட்டனின் 110ஐ அக்கட்டுரை காட்டுகிறது. உயிரியலிலோ சாலமன் ஸ்னைடரின் 191ஐக் காட்டுகிறது. இதனால் ஸ்னைடர் விட்டனினும் பெரிய அறிஞர் என்று எவரேனும் கூறத் துணிவரோ? உயிரியலில் ஆய்வாளர் பலர். மேற்கோள் பட்டியல்களும் நீளமானவை. கணித அறிஞரோ குறைவாக எழுதுகிறார். அவர் எழுத்து மெல்லவே பரவுகிறது. வரலாற்றறிஞரின் உழைப்பு பெரும்பாலும் நூல்களாக மலர்கிறது. இதழ்களை முதன்மையாகக் கொண்ட மேற்கோள் தொகுப்புகளில் அந்நூல்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. துறைக்குத் துறை எண் வேறுபடும் என்பதை ஹிர்ஷும் சுட்டியே எழுதினார். எண்ணை ஏற்றுக்கொண்டவர்கள் அந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இக்குறையை நீக்க 2008ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்களான ரடிக்கி, ஃபோர்த்துனாத்தோ, கஸ்தெல்லானோ ஆகிய மூவர் ஒரு வழி கூறினர். ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே ஆண்டில் அதே துறையில் வெளிவந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்க வேண்டும் என்றனர். சராசரி 5 உள்ள துறையில் 10 மேற்கோள் பெற்றதும், சராசரி 30 உள்ள துறையில் 60 பெற்றதும் அப்போது ஒரே மதிப்பை அடைகின்றன. நேர்மையான திருத்தம்தான். எனினும், துறையின் எல்லையை வரைபவர் யார்? இரு துறைகளின் வரப்பில் நின்று உழுபவரை எந்தச் சராசரியால் வகுப்பது?

இதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. எவ்வளவு திருத்தினாலும், ஓர் ஆய்வு எத்துணை கவனிக்கப்பட்டது என்பதைத்தான் இவ்வெண் கூறும். அது உண்மையா, ஆழமானதா என்பதைக் கூறாது. அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட மரபு விதிகளை 1865இல் புருனோ நகரில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அவை அச்சேறின. 1884இல் அவர் மறைந்தார். 1900இல்தான் அறிவுலகம் அவரது கண்டுபிடிப்பின் பெருமையை உணர்ந்தது. அவர் வாழ்நாளில் எந்தச் சராசரியால் வகுத்திருந்தாலும் அந்த எண் அவருக்கு நீதி வழங்கியிராது.

ஆய்வாளரை மதிப்பிட இதழ்களின் தாக்க எண்ணைப் பயன்படுத்தலாகாது, ஆய்வின் உள்ளடக்கத்தையே நோக்குக என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் ஓர் அறிக்கை வரைந்தனர். தம் சுட்டெண் எதிர்பாராத கடும் தீமைகளை விளைவிக்கக்கூடும் என 2020இல் ஹிர்ஷே எழுதினார். படைத்தவரே ஐயுறும் அளவுகோலை நாம் ஐயமின்றிப் பற்றிக்கொள்வது முறையாகுமா?

பத்தாண்டு உழைப்பைக் கோரும் வினாவை ஓர் இளம் ஆய்வாளர் கைவிட்டு, விரைவில் மேற்கோள் தரும் வினாவை நாடுகிறார் எனில், அங்கே இழப்பு அவருடையது மட்டுமன்று. விடை கிடைக்காத அவ்வினா நம் எல்லோருக்கும் இழப்பே. எண்ணை ஒரு தொடக்கக் குறிப்பாகக் கொள்வோம். தீர்ப்புக்கு முன் அவரது எழுத்தை எடுத்துப் படிப்போம். அந்த உழைப்பிலிருந்து மதிப்பிடுவோரை எந்த எண்ணும் விடுவிக்க இயலாது.