‘யீஜி’ என்னும் சீனச் சொல்லும் ‘களம்’ என்னும் தமிழாக்கமும்

சீனத் தொல்லியல் செய்திகளைத் தமிழாக்குவோர் ‘யீஜி’ என்னும் சொல்லுக்குக் களம், தளம், சின்னம் ஆகியவற்றை வேறுபாடின்றி ஆள்வதுண்டு. ஆங்கிலத்தின் ‘சைட்’ என்பதற்கு இவை பொருந்தலாம். மூலச்சொல்லுக்குப் பொருந்துமா என்பதே வினா.

யீஜி ஒரு கூட்டுச்சொல். முன்னுறுப்பு ‘எஞ்சியது, விட்டுச் செல்லப்பட்டது’ எனவும், பின்னுறுப்பு ‘கட்டடம் நின்ற நிலம், அடித்தளம்’ எனவும் பொருள்படும். எனவே அழிவு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. 1860இல் எரியூட்டப்பட்ட பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டம் யீஜி. கட்டடம் நின்று பயன்பாடு மட்டும் மாறியிருப்பின் ‘ஜியூஜி’, அதாவது பழைய இடம், என்பர். மேலும், சீனாவின் பண்பாட்டுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் தொல்பண்பாட்டு யீஜிகளையும் தொல்கல்லறைகளையும் தனித்தனியே எண்ணுகிறது. இப்பாகுபாட்டின்படி, 2015இல் அகழாய்வு தொடங்கிய கீழடியின் வாழ்விடப் பகுதி யீஜி ஆகும். ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைந்த பறம்பு கல்லறை வகையில் அடங்கும். நாமோ இரண்டையும் களம் என்றே எழுதுகிறோம்.

நெற்களம், போர்க்களம் என்பவற்றில் களம் வினை நிகழும் இடத்தைச் சுட்டும். அகழ்வோரின் வினைக்கு அது பொருந்தும். எவரும் தொடாத மேட்டுக்குப் பொருந்தாது. சின்னம் என்பதோ இன்னும் தீங்கானது. 1958ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தொல்சின்னத்தையும் தொல்லியல் இடத்தையும் வேறுபடுத்தி, எச்சங்கள் இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க நிலப்பகுதியையும் பின்னதில் அடக்குகிறது. இதனைச் சின்னம் என்று பெயர்த்தால் படிப்போர் கோபுரத்தையோ சுவரையோ தேடுவர். ஒன்றும் காணாதவிடத்து மண் அள்ளுவதில் தவறில்லை என்றே கொள்வர்.

பெங்களூரிலிருந்து நோக்குங்கால் கன்னட வழக்கு துணைசெய்கிறது. அங்கு ஆளப்படும் ‘நெலெ’ மக்கள் தங்கிய இடத்தைக் குறிக்கும். ‘ஹாளு ஹம்பெ’ என்னும் தொடரிலுள்ள ஹாளு நம் ‘பாழ்’ என்பதன் இனச்சொல். யீஜிக்கு மிக நெருங்கிய திராவிடச் சொல் இதுவே எனலாம். ஆயினும் இன்றைய தமிழில் பாழ் இழிபொருள் ஏற்றுவிட்டது. தம் ஊர் மேட்டை அவ்வாறு அழைக்க யாரும் உடன்படார். ‘தொல்லிடம்’ என்பதை ஏற்று, புதைவிடத்தை ‘ஈமக்காடு’ எனப் பிரிப்பது தகும். எஞ்சியது என்னும் கூறு அதில் விடுபடுவது உண்மையே; ஆனால் ‘தொல்லெச்சவிடம்’ நாவில் ஏறாது.

இடப்பெயர்களிலும் கவனம் வேண்டும். சிச்சுவானின் சான்ஷிங்துய் என்பதில் ‘துய்’ என்பதே மேடு. ஆகவே ‘சான்ஷிங்துய் மேடு’ என்பது ‘அரிக்கமேட்டு மேடு’ என்பதனை ஒக்கும். கீழடியில் அகழப்பட்ட பள்ளிச்சந்தைத் திடலையும் ‘திடல் களம்’ என்று எழுதவேண்டியதில்லை.